ஆணையும் தெளிவும்



அர்த்தசாஸ்திரம் என்றவுடன் ஒற்றரும் நஞ்சும் சூழ்ச்சியுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அந்நூலின் இரண்டாம் அதிகரணத்துப் பத்தாம் அத்தியாயத்தை எடுத்துப் பேசுவார் அரியர். அரசாணையை எழுதும் முறையே அதன் பொருள். அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்து பிழைக்கும் நமக்கு அதன்மேல் தனிப்பற்று இருப்பது இயல்புதானே!

நெடுங்காலம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த நூல் இது. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் இதன் கிரந்த எழுத்துச் சுவடியை மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற் சேர்த்தார். அங்கிருந்த சாம சாஸ்திரியார் 1909-இல் மூலத்தையும், 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். நூலின் காலம் பற்றி அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. அவ்வழக்கு நமக்கு வேண்டா.

முறையிட வருவோரை வாயிலில் காக்க வைக்கலாகாது என்று மன்னனை எச்சரிக்கிறார் கௌடலியர். எளிதில் காணமுடியாத அரசனை, அருகிருப்போர் செய்யத்தக்கதற்கு மாறானதையே செய்ய வைத்துவிடுவார்களாம். பிளாரென்சு நகரில் 1498 முதல் 1512 வரை அரசாங்கச் செயலாளராக இருந்த மாக்கியவெல்லியும், பதவியிழந்தபின் எழுதிய நூலில் முகத்துதி செய்வோரைப் பற்றி ஓர் அத்தியாயமே வைத்தார்.

ஆயினும், வாயில்வரை வர இயலாதவர்களே நாட்டில் மிகுதி. அவர்களுக்கு அரசன் என்பது அவன் அனுப்பும் ஓலைதான். பொருள்முறை, தொடர்பு, நிறைவு, இனிமை, பெருமிதம், தெளிவு என ஆறு குணங்களை ஆணைக்கு வகுக்கிறார் கௌடலியர். தெளிவென்பது யாது? யாவரும் அறிந்த சொல்லை வழங்குவது. அவ்வளவே!

இதைப் படித்திருந்தும் நாம் தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் பயிர்ச்சேத உதவி பற்றிய அறிவிப்பொன்றைத் தமிழாக்கினோம். ‘அரசிதழில் பிரசுரிக்கப்பெற்ற தேதியினின்று முப்பது தினங்களுக்குள்’ என்று மூலத்தில் உள்ளபடியே எழுதி, பிழையில்லை என்று மகிழ்ந்தோம். ஊரிலிருந்த பெரியப்பா அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன்டா தம்பி, இதை எங்களுக்காக எழுதினாயா, உன் மேலதிகாரிக்காக எழுதினாயா? கடைசி நாள் எது?” என்று கேட்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். அது முந்தின வாரமே கழிந்திருந்தது. அவ்வாண்டு அவர் விதை நெல்லுக்குக் கடன்பட்டார்.

அடுத்த அறிவிப்பில் கடைசி நாளை முதல் வரியிலேயே தேதியிட்டு எழுதினோம். மேலதிகாரி அதை அடித்துவிட்டு மூன்றாம் பத்திக்கு அனுப்பினார். தேதியை மட்டும் நீக்கவில்லை.