மேமி பிங்க்

1953 ஜனவரியில் அமெரிக்க அதிபராக ஐசன்ஹோவர் பதவியேற்றார். அன்றைய விருந்து நடனத்துக்கு அவர் மனைவி மேமி உடுத்தி வந்தது, 2,000-க்கும் மேற்பட்ட கற்கள் பதித்த இளஞ்சிவப்பு கவுன். அந்த நிறத்துக்கே ‘மேமி பிங்க்’ என்று பெயர் விழுந்துவிட்டது!

வெள்ளை மாளிகையில் அவர்கள் குடியிருந்த அறைகளிலும் பிங்க் நுழைந்தது. வெளியே அது குளியலறைகளைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் கட்டிய ஏராளமான வீடுகளில் டைல்ஸ், வாஷ்பேசின், குளியல் தொட்டி எல்லாமே இளஞ்சிவப்பு. கெட்டிஸ்பர்க் பண்ணை வீட்டில் மேமியின் பிங்க் குளியலறையை இன்றும் பார்க்கலாம்.

இப்போது பிங்க் பெரும்பாலும் சுவரோடு நின்றுகொள்கிறது. சிக்கலும் அங்கேதான். கடையில் தரும் அட்டையில் மென்மையாகத் தெரிந்த நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். சின்ன அறையில் ஒரு சுவரின் ஒளி இன்னொன்றில் பட்டுத் திரும்புவதால் வரும் வினை இது. பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

விளக்கும் விளையாடும். 2,700 கெல்வின் மஞ்சள் பல்பில் பிங்க், பீச் பழ நிறத்துக்குச் சாயும். 6,500 கெல்வின் வெள்ளை விளக்கில் ஊதா எட்டிப் பார்க்கும். ஒரு பெரிய அட்டையில் பூசி, கண்ணாடிக்குப் பக்கத்தில் காலையிலும் இரவிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழுப்பு கலந்த பிங்க் பெரியவர்களுக்கும் பொருந்தும். பிரிட்டனின் ஃபாரோ அண்ட் பால் நிறுவனத்தின் ‘செட்டிங் பிளாஸ்டர்’ அந்த ரகம். அங்கே புதிதாகப் பிளாஸ்டர் பூசிய சுவரின் நிறம் அது. எந்த பிங்க் ஆனாலும், ஈரம் தாங்கும் சாட்டின் பூச்சாக இருந்தால் தெறிக்கும் சோப்புத் தண்ணீரைத் துணியால் துடைத்துவிடலாம்.