டாஃபின்



ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சாப்பாடு ஆறிடக் கூடாது பாருங்க.

ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில் 'டாஃபின்' என்று ஒரு பழைய சொல் உண்டு. வேலை வெட்டி இல்லாமல் கூத்தடிப்பது, குறும்பு, கேலி, வெட்டி அரட்டை எல்லாம் அதில் அடக்கம். நம்ம ஹாஸ்டல் பாஷையில் சொன்னா, லூட்டி. ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் வெளியிட்ட முதல் தொகுப்பில், ஒரு பணக்கார வீட்டு நாயும் ஒரு உழவன் வீட்டு நாயும் இப்படித்தான் டாஃபின் அடிக்கின்றன. அலுத்த பிறகு ஒரு மேட்டில் உட்கார்ந்து ஏழை, பணக்காரன் நியாயம் பேசுகின்றன. கூத்தடித்துக் களைத்தபின் வருகிற பேச்சுக்கு ஒரு தனி உண்மை உண்டு. மொட்டை மாடியில் விடிய விடியப் பேசியவர்களுக்கு இது தெரியும்.

பர்ன்ஸுக்கு முன்னோடி ராபர்ட் ஃபெர்குஸன். 1765-ல், பதினாலு வயசுல, உதவித்தொகையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் போனவர். பயங்கர வாலு! வழிபாட்டில் நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி அறிவிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்ததாம். ஒருநாள், எதிரே உட்கார்ந்திருந்த சக மாணவன் பெயரைச் சொல்லி, "குடியினால் நோயுற்றிருக்கிறார், பிழைப்பது கஷ்டம், வேண்டிக்கொள்ளுங்கள்" என்று அறிவித்துவிட்டார் என்பார்கள்.

1768-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். தந்தை இறந்துவிட்டார், குடும்பத்தைப் பார்க்க வேண்டும். எடின்பரோவில் ஒரு அலுவலகத்தில் சட்டப் பத்திரங்களை நகல் எடுக்கும் வேலை. 1772 ஜனவரியில், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான கொண்டாட்டத்தைப் பாடும் 'டாஃப்ட் டேஸ்' கவிதை வார இதழில் வந்தது. ஊரே கொண்டாடியது.

இந்த 'டாஃப்ட்' இருக்கிறதே, அதற்கு இரண்டு முகம். கும்மாளம் என்றும் பொருள், புத்தி பேதலித்தது என்றும் பொருள். நம்ம 'கிறுக்கு' மாதிரி. ஃபெர்குஸனுக்கு இரண்டாவது பொருளும் வந்து சேர்ந்தது. மனம் சோர்ந்தார். 1774-ல் மாடிப்படியில் விழுந்து தலையில் அடி. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் எடின்பரோ பைத்தியக்கார விடுதியில் விட்டார்கள். அக்டோபர் 17-ல் அங்கேயே போய்விட்டார். வயசு இருபத்துநாலு. கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. பர்ன்ஸ்தான் 1787-ல் தன் செலவில் கல் நட அனுமதி கேட்டார்.

தம்பிகளா, தங்கைகளா, உங்க ஹாஸ்டல்லயும் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஒருத்தர் இருப்பாங்க. ராத்திரி ஒருநாள் அவங்க ரூமுக்குப் போய், "நீ எப்படிப்பா இருக்கே?"ன்னு கேட்டுட்டு வாங்க.

ஃபெர்குஸனை அந்த விடுதியில் பார்த்த மருத்துவர் ஆண்ட்ரூ டங்கன் அதை மறக்கவில்லை. மனநோயாளிகளை மனிதராக நடத்தும் மருத்துவமனை வேண்டும் என்று 1792-ல் திட்டம் வைத்தார். 1813-ல்தான் கதவு திறந்தது. பெயர் மாறி, ராயல் எடின்பரோ மருத்துவமனையாக இன்னைக்கும் நடக்குது.

சாப்பிடப் போகலாம்.