விலையுயர்ந்த பழச்சாறும் நமது அமானிதமும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும்.

அன்புள்ள பெற்றோர்களே, வாலிபச் சகோதர சகோதரிகளே!

இன்று நமது வீடுகளின் அலுமாரிகளில் இடம்பிடித்துவிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். நோனி, மங்குஸ்தீன், மாதுளை, அமேசான் காட்டில் விளையும் அசாயி ஆகிய பழங்களின் பெயரால், 'அன்டிஒக்ஸிடன்ட் நிறைந்தது' என்ற முத்திரையோடு பல ஆயிரம் ரூபாவுக்கு விற்கப்படும் பழச்சாற்றுப் போத்தல்களையே குறிப்பிடுகின்றேன். அவற்றை நாம் வாங்கத்தான் வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன்னர், சீனி வருத்தமுள்ள ஒரு பெரியவரை நோய் விசாரிக்கச் சென்றிருந்தேன். மேசையில் இத்தகைய போத்தலொன்று இருந்தது. அவருடைய மருமகன் அதை என் கையில் தந்து, "ஹஸரத், இது எப்படி?" எனக் கேட்டார். "பழம்தானே, என்ன கெடுதி?" என்று சொல்லிவிட்டு, துஆச் செய்து திரும்பினேன். அந்தப் பெரியவர் பழச்சாற்றை நம்பி, அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்துவந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார் என்பது பின்னர்தான் தெரியவந்தது. காலில் ஏற்பட்ட புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. நான் அறியாமல் சொன்ன வார்த்தைக்கும் அதில் பங்குண்டோ என்ற கவலை இன்றும் என்னை விட்டகலவில்லை. ஆகவேதான் இவ்விடயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கின்றேன்.

சகோதரர்களே! நமது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது, கலங்களுக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள் சில உருவாகின்றன. அவற்றைச் சாந்தப்படுத்தும் பொருட்களே அன்டிஒக்ஸிடன்ட்கள். இது உண்மை. ஆனால், பரிசோதனைக் குழாயில் ஒரு சாறு காட்டும் ஆற்றலை, நாம் அருந்திய பின்னர் உடலுக்குள்ளும் அது காட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உணவுகளின் இவ்வாற்றலை அளந்து பட்டியலிட்டிருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், 2012ஆம் ஆண்டில் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. அந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதும், கம்பனிகள் அவற்றை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதுமே அதற்கான காரணங்களாகும்.

இன்னுமொரு செய்தியைக் கேளுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. பீற்றா கரோட்டின் என்ற அன்டிஒக்ஸிடன்ட் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. 1994இல் வெளியான முடிவோ நேர்மாறாக இருந்தது. அம்மாத்திரையை உட்கொண்டவர்களிடையே அந்நோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பழச்சாறும் மாத்திரையும் ஒன்றென நான் கூறவில்லை. 'அன்டிஒக்ஸிடன்ட் கூடக்கூட நன்மையும் கூடும்' என்ற எண்ணம் தவறானது என்பதையே இது நமக்குக் கற்பிக்கின்றது.

"பழம்தானே" என்று நான் சொன்னதும் முழு உண்மையன்று. நோனிச் சாற்றில் பொற்றாசியம் கணிசமாக உண்டு. சிறுநீரகம் பழுதடைந்த ஒருவர் அதை அருந்திவந்ததால் இரத்தத்தில் பொற்றாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்ததாக 2000ஆம் ஆண்டில் மருத்துவச் சஞ்சிகையொன்றில் பதிவாகியுள்ளது. சிறுநீரக நோயாளர்கள் பலர் வாழும் நமது நாட்டில் இது சிறிய விடயமன்று.

அப்படியாயின் பழம் உண்ண வேண்டாமா? தாராளமாக உண்ணுங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான விற்றமின் சீ ஏறத்தாழ 90 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் உண்டு. விற்றமின் சீயும் ஓர் அன்டிஒக்ஸிடன்ட்தான். நமது வளவுகளில் காய்த்து, அணில் கடித்து உதிரும் பழத்தை அல்லாஹுத்தஆலா எவ்வளவு மலிவாகத் தந்திருக்கின்றான்! நெல்லியும் வல்லாரையும் முருங்கைக்கீரையும் சந்தையில் கிடைக்கின்றன. சீனி வருத்தமுள்ளவர்கள் மாத்திரம் பழத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வாலிபச் சகோதரர்களே! இப்போது உங்களிடம் பேசுகின்றேன். இச்சாறுகளுள் பல, கடையில் அன்றி ஆள்மேல் ஆள் சேர்க்கும் முறையில் விற்கப்படுகின்றன. முதலில் உங்களை ஒரு போத்தல் வாங்கச் சொல்வார்கள். பின்னர் உங்கள் மாமி, சாச்சா, பள்ளித் தோழன் ஆகியோரின் பெயர்களை எழுதச் சொல்வார்கள். அங்கே விலைபோவது பழச்சாறு மாத்திரமன்று, குடும்பத்தார் உங்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கையும்தான். பொருள் விற்பனையாலன்றி, ஆட்களைச் சேர்ப்பதாலேயே இலாபம் கிடைக்கும் திட்டங்களை நமது நாட்டின் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்துள்ளது என்பதையும் மனதிற் கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2005இல் அசாயிச் சாற்றுடன் ஆரம்பித்து, ஒரு போத்தலை ஏறத்தாழ 40 டொலருக்கு விற்றுவந்த மோனவி என்ற நிறுவனம், பத்தே வருடங்களில், 2015இல், கடனில் மூழ்கிக் கைமாறியது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். ஈரத்தை மறைத்து விற்பது மோசடியாயின், "இது புற்றுநோயைக் குணமாக்கும்" என அறியாததைச் சொல்லி விற்பது என்னவாகும்? அல்குர்ஆனில் மாதுளையும் அத்தியும் கூறப்பட்டிருப்பதைக் காட்டி விலையை ஏற்றுவோரும் உளர். அவை இறைவனின் அருட்கொடைகளாகவே அங்கு நினைவூட்டப்படுகின்றன. எவருடைய போத்தலுக்கும் அது சான்றிதழாகாது.

பெற்றோர்களே! போத்தலொன்று உங்கள் வாசலுக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த நோயை, எந்த ஆய்வின்படி குணப்படுத்துகின்றது? என்னைப் பார்க்கும் வைத்தியர் இதை அறிவாரா? இப்பணத்தில் என் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு பழமும் மீனும் வாங்கலாம்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காவிட்டால் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் வைத்தியர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் நாளைக்கே கிளினிக்குக்குச் செல்லுங்கள். வைத்தியர் ஏசுவார் என்று அஞ்சி வீட்டிலிருந்து விடாதீர்கள்.

உடலும் அமானிதம், உழைத்த பணமும் அமானிதம். இரண்டைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம். அந்தப் பெரியவர் இன்று ஊன்றுகோலுடன் பள்ளிக்கு வருகின்றார். என்னைக் கண்டால் முதலில் ஸலாம் சொல்பவர் அவர்தான். அவருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை வழங்குவானாக! நமது சம்பாத்தியத்திலும் நாவிலும் நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.