பெயிண்ட் உரிஞ்சு போனா கடன் கொடுக்கக் கூடாதா?

(பிள்ளைச்சாவடியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மாதக் கூட்டம்னா சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணைன்னுதான் பேசுவோம். இன்னைக்கு பெயிண்ட் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் சில பேர் சிரிச்சீங்க. பரவாயில்லை, சிரிங்க. ஆனால் இந்தப் பெயிண்டால நம்ம குழு ஒண்ணு ரெண்டாப் பிரியற நிலைமைக்கு வந்திருக்கு. அதனாலதான் பேசுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு குழுவைச் சேர்ந்த மூன்று உறுப்பினர்கள், வண்டிகளின் பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் தொழில் தொடங்க ஆசைப்பட்டார்கள். நல்ல யோசனைதான். நம்ம ஊர் உப்புக் காத்துல இரும்பு துருப்பிடிக்குது, வெயில்ல பிளாஸ்டிக் வெளுத்துப் போகுது. முதல் வேலையாக ஒரு விடுதிக்காரரிடமிருந்து குவாட் பைக் மட்கார்டு நாலு வந்தது. குவாட் பைக்னா, நாலு பெரிய டயரோட மணல்ல ஓடுமே, சுற்றுலா வர்றவங்க ஓட்டுவாங்களே, அதுதான்.

சிவப்பு ஸ்பிரே டப்பா வாங்கி அடிச்சாங்க. பாக்கறதுக்குப் புதுசு மாதிரி இருந்தது. பத்தே நாள். டயர் வாரி அடிச்ச மணல் பட்ட இடமெல்லாம் பால் ஆடை மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. அவர் பணம் தரவில்லை. பெயிண்டுக்கும் ஆட்டோ வாடகைக்கும் போட்ட 1,800 ரூபாய் கைநட்டம். இப்போது அதே மூன்று பேரும் கம்ப்ரசரும் ஸ்பிரே துப்பாக்கியும் வாங்க 20,000 ரூபாய் உள்கடன் கேட்கிறார்கள். "இது ஆம்பளைங்க வேலை, கொடுக்கக் கூடாது"ன்னு பாதிப் பேர். "பாவம், கொடுத்துடலாம்"னு மீதிப் பேர். ரெண்டுமே சரியில்லைன்னு நான் சொல்றேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கிறேன். "நல்ல தொழில், ஆரம்பிங்க"ன்னு தைரியம் சொன்னவள் நான்தான். சமூகப் பணி படிச்சிருக்கேனே தவிர, பெயிண்ட் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உரிஞ்ச பிறகுதான் ஒரு டிங்கரிங் பட்டறையில் வேலை செய்யும் பெயிண்டர் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதையும் அப்புறம் நான் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

குழாயடியில் அடையாளத்துக்காக பிளாஸ்டிக் குடத்தில் பெயிண்டால் பேர் எழுதுவோம் இல்லையா? நாலு மாசத்துல பேர் எங்கே போகுது? உரிஞ்சு போயிடுது. மட்கார்டுக்கு நடந்ததும் அதுதான். குடமும் அந்த மட்கார்டும் ஏறக்குறைய ஒரே இனத்துப் பிளாஸ்டிக். தாமரை இலையில் தண்ணி ஒட்டாத மாதிரி, இதில் பெயிண்ட் சரியா ஒட்டாது. மோதினாலும் உடையாமல் வளையணும்னுதான் அப்படிச் செய்யறாங்க. ஆகவே உறுப்பினர்கள் அடித்த விதத்தில் மட்டும் தப்பில்லை. அடியில் செய்ய வேண்டிய வேலையை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த அடிவேலை என்னன்னு வரிசையாக் கேளுங்க.

முதலில் பாகத்தின் பின்பக்கம் பாருங்கள். சின்னதா ஆங்கில எழுத்து அச்சடிச்சிருக்கும். 'ஏபிஎஸ்' என்று இருந்தால் பெயிண்ட் நல்லாப் பிடிக்கும். 'பிபி' என்று இருந்தால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடிக்கவே கூடாது. 'பிஇ' அல்லது 'ஹெச்டிபிஇ' என்று இருந்தால் பிரைமர் அடித்தாலும் நிச்சயம் சொல்ல முடியாது. "இது நிக்காது அண்ணே"ன்னு உண்மையைச் சொல்லி திருப்பிக் கொடுங்கள். அந்த வார்த்தையால் வாடிக்கையாளர் போக மாட்டார், நம்பிக்கை வரும்.

ரெண்டாவது, கழுவுதல். சோப்புத் தண்ணியில் தேய்த்து நல்ல தண்ணியில் ரெண்டு தடவை அலசணும். நம்ம ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிஞ்சிருக்கும். உப்பு மேல பெயிண்ட் அடித்தால் பின்னால் கொப்புளம் வரும். பளபளப்புக்குப் போட்ட பாலிஷ் மிச்சமிருந்தால் பெயிண்ட் சேராமல் மீன்கண் மாதிரி குழி குழியா நிற்கும்.

மூணாவது, உப்புத்தாள். 400 அல்லது 600 நம்பர் தாளைத் தண்ணி தொட்டுத் தேய்க்கணும். பளபளப்பு போய் மங்கலாகணும். மறுபடி கழுவி, முழுசாக் காய வைத்து, கை படாமல் பிரைமர். பிரைமர் டப்பாவில் எத்தனை நிமிஷத்துக்குள் பெயிண்ட் அடிக்கணும்னு போட்டிருப்பார்கள். பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லியாவது அதன்படி செய்யுங்கள்.

நாலாவதுதான் பெயிண்ட். வளையக்கூடிய பிளாஸ்டிக்குக்கு ஆனதுன்னு கேட்டு வாங்கணும். டப்பாவை நல்லாக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் மெல்லிசா அடிக்கணும். ஒரே தடவையில் கெட்டியா அடித்தால் வழியும். காய விட்டுக் காய விட்டு மூணு தடவை. கடல் காத்து வேகமா அடிக்கும்போதும், ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்திலும் வேண்டாம். ஈரத்தில் சில பெயிண்ட் வெள்ளை பூத்துப் போகும்.

கடைசியா சோதனை. ஒரு வாரம் கழித்து பழைய துண்டு ஒன்றில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சின்னக் கட்டம் கீறி, மேலே டேப் ஒட்டி, வெடுக்குன்னு இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் தோல்வி. கட்டமெல்லாம் அப்படியே நின்றால் கையில் தொழில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பணத்தை விட முக்கியமான விஷயம். அந்த மூன்று பேரும் எங்கே வைத்து அடித்தார்கள் தெரியுமா? வீட்டுத் திண்ணையில். உள்ளே அடுப்பு எரியுது, தூளியில் குழந்தை தூங்குது. தின்னர் ஆவி காத்தை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பைத் தொட்டால் குப்புன்னு பிடிக்கும். நம்ம தெருவில் வீடும் வீடும் ஒட்டி இருக்கு. நினைச்சுப் பாருங்க.

முந்தானையைக் கட்டிக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க. துணியும் சாதா மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் தனியா இருக்கு, அதுதான் வேணும். கையுறையும் கண்ணாடியும் வேணும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த வேலை செய்யக் கூடாது. பட்டறைகளில் ரெண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கும். அது ஆஸ்துமா கொண்டு வரும். ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். முறையான பயிற்சி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

சரி, கடனுக்கு வருவோம். 1992-இல் நபார்டு வங்கி 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. நம்மை நம்பி யாரும் எடுத்தவுடன் லட்சம் கொடுக்கவில்லை. சின்னக் கடன், சரியா கட்டினோம், அடுத்து கொஞ்சம் பெரிய கடன். அப்படித்தான் நாம் வளர்ந்தோம். வங்கி நம்மை எடை போட்ட அதே தராசை நம்ம உறுப்பினருக்கும் வைப்போமே.

என் யோசனை இது. முதலில் 3,000 ரூபாய் மட்டும் கடன். அதில் மாஸ்க் முதல் செலவு. பழைய இரும்புக் கடையில் உடைந்த மட்கார்டு வாங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளியில் பழகட்டும். ஐந்து துண்டு டேப் சோதனையில் ஜெயிக்கட்டும். அதைக் குழுக் கூட்டத்திலேயே நம்ம கண் முன்னால் செய்து காட்டட்டும். பெயிண்ட், உப்புத்தாள், பஸ் செலவு, மூன்று பேர் கூலி எல்லாம் நோட்டில் எழுதட்டும். கூலியை எழுதாததால்தான் நட்டம் 1,800-னு நினைக்கிறோம், உண்மையில் அதை விட அதிகம். இந்தியன் வங்கியின் சுயதொழில் பயிற்சி நிறுவனம் புதுச்சேரியில் இருக்கு. இந்தத் தொழிலுக்கு உதவும் பயிற்சி உண்டான்னு விசாரிக்க நானும் கூட வருகிறேன். இதெல்லாம் முடிந்த பிறகு 20,000 ரூபாய் பத்தித் தீர்மானம் போடுங்கள்.

"ஆம்பளைங்க வேலை"ன்னு சொன்ன சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கழுவறது, தேய்க்கிறது, காய வைக்கிறது, பொறுமையாக் காத்திருக்கிறது – இந்த வேலையில் பெரும்பகுதி இதுதான். இது நமக்குத் தெரியாத வேலையா?

அந்த மூன்று பேரும் இன்றைக்குக் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் வந்து உட்காருங்கம்மா. உரிஞ்சது பெயிண்ட்தான், உங்க மேல இருக்கிற நம்பிக்கை இல்லை. அடுத்த கூட்டத்தில் முதல் துண்டைக் கொண்டு வாங்க. டேப் நான் வாங்கி வருகிறேன்.