உள்ளத்தெழுத்தும் ஊதிய எழுத்தும்

(கையெழுத்திதழ் நடத்தும் இளைஞர்களின் முதலாண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)

 

என்னை அழைத்த மடலில் நீங்கள் ஒரு வினாவையும் சேர்த்து எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு திங்களாக ஒரே ஒரு படியாக வீடு வீடாகச் சுற்றிவரும் உங்கள் இதழை இனி அச்சேற்ற எண்ணுகின்றீர்கள். அச்சுச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக வணிகர் ஒருவர் முன்வந்துள்ளார். அவர் கேட்பது பின்னட்டையும் உள்ளே நான்கு பக்கங்களுமே. 'ஏற்கலாமா? எழுத்தை வருவாய்க்கு வழியாக்கிக்கொண்டால் என்ன கேடு?' என்பது உங்கள் வினா. அந்த ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகின்றேன். இது நூலில் படித்த விடை மட்டும் அன்று. பட்டுத் தெரிந்துகொண்ட விடை.

1974-ஆம் ஆண்டு எனக்கு அகவை பத்தொன்பது. எங்கள் ஊர் நெசவாளர் ஊர். தெருவில் நடந்தால் இருபுறமும் தறியோசையே கேட்கும். நண்பர் அறுவர் கூடிக் கையெழுத்திதழ் ஒன்று தொடங்கினோம். நல்ல கையெழுத்து உடையவன் எழுதுவான். படம் வரையத் தெரிந்தவன் அட்டை வரைவான். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டுவைப்போம். படித்தவர் தம் கருத்தை அதில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு திங்கள், எங்களுள் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோன தன் தங்கையைப் பற்றி எழுதினான். அதில் அணியில்லை, உவமையில்லை. அவள் தார் சுற்றும்போது முணுமுணுக்கும் பாட்டையும், அவள் போனபின் அந்த இராட்டை மூலையில் கிடப்பதையும் எழுதினான், அவ்வளவே. இதழ் சுற்றித் திரும்பியபோது வெற்றுப் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. இடம் போதாமல் துண்டுத்தாள்களை ஒட்டியிருந்தனர். எண்ணிப் பார்த்தோம், பதினேழு பேர் எழுதியிருந்தனர். எழுத்தறியாப் பாட்டி ஒருவர், ஐம்பதாண்டுகளுக்கு முன் தாம் இழந்த குழந்தையைப் பற்றித் தம் பேரனைக் கொண்டு எழுதுவித்திருந்தார். ஒரே தெருவில் வாழ்ந்தும் அத்துயரை அதுவரை நாங்கள் எவரும் அறிந்திலோம். ஓர் எழுத்து ஒரு தெருவையே உறவாக்கிய நாள் அது.

இரண்டாண்டு சென்றது. எங்களுக்கும் அச்சாசை வந்தது. நெசவாளர்க்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கும் வணிகர் ஒருவர் செலவை ஏற்றார். முந்நூறு படிகள் அச்சாயின. எங்கள் பெயரை அச்செழுத்தில் கண்டு நாங்கள் நிலத்தில் நிற்கவில்லை. நான்காம் இதழுக்கு, தங்கையைப் பற்றி எழுதிய அதே நண்பன் வேறொரு கட்டுரை கொணர்ந்தான். வாங்கிய முன்பணம் சேலைக்குச் சேலை கூலியில் கழிந்தும், கடன் ஏன் என்றுமே தீர்வதில்லை என்பதைத் தன் வீட்டுக் கணக்குக் குறிப்பை வைத்தே வரிவரியாக எழுதியிருந்தான்.

தோழர்களே, இங்கே கூர்ந்து கேளுங்கள். அந்த வணிகர் எங்களை மிரட்டவில்லை. 'இதைப் போடாதே' என்று சொல்லவில்லை. அப்படி ஒரு கட்டுரை இருந்தது என்பதே அவர்க்குத் தெரியாது. தடுத்தவர்கள் நாங்களே! 'அடுத்த இதழில் பார்க்கலாம்' என்றோம். அடுத்த இதழிலும் அதையே சொன்னோம். அவன் ஒன்றும் பேசாமல் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அதன்பின் அவன் எழுதவே இல்லை.

ஓராண்டுக்குப் பின் வணிகர்க்கு ஆர்வம் தளர்ந்தது, இதழும் நின்றது. ஏன் வரவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்திதழ் இரண்டு நாள் பிந்தினாலே கதவைத் தட்டிக் கேட்டவர்கள் அவர்கள்! முந்நூறு படிகள் நின்றதை அறியாத ஊர், ஒரு படிக்காகக் காத்திருந்த ஊர். இதற்குக் கரணியம் என்ன?

அதை விளங்கிக்கொள்ள, விளம்பரத்தால் இதழ் நடத்தும் முறை வேரூன்றிய ஓரிடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கின்றேன். பிரான்சு நாட்டில் 1836-ஆம் ஆண்டு எமீல் தெ சிரார்தேன் என்பார் 'லா பிரெசு' என்னும் நாளிதழைத் தொடங்கினார். ஏனை நாளிதழ்கள் ஆண்டுக்கு 80 பிராங்கு கேட்டபோது அவர் 40 பிராங்கே கேட்டார். பாதி விலை! மீதியை விளம்பரம் தரும் என்பது அவர் கணக்கு. அதனால் எளியோரும் செய்தித்தாள் படிக்க முடிந்தது. அந்த நன்மையை மறுத்தல் ஆகாது. ஆனால் அன்றே ஒன்று மாறிற்று. விளம்பரம் தருவோன் கேட்பது ஒன்றே: 'எத்தனை பேர் படிக்கின்றனர்?' ஆகவே படிப்போர் நாளை விலகிப் போகாதபடி கட்டிவைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டே பால்சாக்கின் புதினம் ஒன்று அத்தாளில் பகுதி பகுதியாக வெளிவந்தது. பால்சாக்கு பெரும் படைப்பாளி, பழுதில்லை. எனினும் 'தொடரும்' என்னும் சொல்லுக்கு அன்று புதியதொரு வேலை கிடைத்தது. அதுவரை படிப்போன் இதழை வாங்குவோனாக இருந்தான். அதன்பின் அவனே எண்ணிக்கையாக்கப்பட்டு விளம்பரம் தருவோனிடம் விற்கப்படும் சரக்குமானான்.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுவே. முந்நூறு என்பது ஓர் எண். எண்ணுக்கு முகமில்லை. முகமில்லாதவர்க்கு எழுதுவோன் உண்மையை மறைக்கக் கூசமாட்டான். பதினேழு பேர் முகங்கள்; அவர்களிடம் மறைக்க முடியாது.

இனி மாற்றுவழியில் நடந்த ஒருவரைப் பார்ப்போம். சி. சு. செல்லப்பா 1959 சனவரியில் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அவருடைய வடசொல் விரவிய நடையோடு நமக்கு உடன்பாடு இல்லை; அவர் கொள்கைகள் பலவும் நம்முடையன அல்ல. ஆயினும் நாணயம் எவரிடத்து இருப்பினும் போற்றுவதே தமிழர் பண்பு. இதழ் தொடங்குவோர் பல்லாயிரம் படிகளைக் கனவு காண, அவரோ இரண்டாயிரம் படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார். தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. கைப்பொருள் கரைந்தது. ஆனால் பிரமிள், வெங்கட் சாமிநாதன் போன்றோர் அவ்விதழின் வழியே வெளிப்பட்டனர். தமிழில் புதுப்பா வேரூன்றியதும் அங்கேதான். எண்பதைக் கடந்த அகவையில் 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று தொகுதிப் புதினத்தையும் தாமே அச்சிட்டார். 1998-இல் அவர் மறைந்தபின், 2001-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்து சேர்ந்தது. படிப்போன் ஒவ்வொருவனையும் எழுதக்கூடியவனாக மதித்தது அவ்விதழ். பெருந்தொகை அச்சிட்ட எத்தனையோ இதழ்கள் பழந்தாள் கடைக்குப் போய்விட, அந்த 119 இதழ்கள் இன்றும் தேடிப் படிக்கப்படுகின்றன.

'ஐயா, அது தாளிதழ்க் காலம். இன்று இணையம் இருக்கின்றதே' என்பீர்கள். இணையத்திலும் இதே இருவழிதான். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர் கூலி கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு எல்லார்க்கும் பொதுவாக்கினர். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர் ஊதியம் பெறுவதில்லை. அதில் விளம்பரமும் இல்லை. அதே ஆண்டுகளில் எத்தனையோ எளிய தமிழர் தத்தம் வலைப்பதிவுகளில் தம் ஊரையும், தம் தாயையும், தாம் இழந்த மண்ணையும் எழுதத் தொடங்கினர். ஒருவர் எழுத, கடல்கடந்து வாழும் பத்துப் பேர் மறுமொழி எழுதினர். எங்கள் இதழின் வெற்றுப் பக்கங்களே உலகளவில் விரிந்தாற்போல் இருந்தது அது.

2018 பிப்பிரவரியில் கூகுள் நிறுவனம் தன் விளம்பரப் பணியைத் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிட்டது. தமிழில் எழுதியும் பொருளீட்டலாம் என்றபோது நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி தவறன்று. ஆனால் அங்கும் கேள்வி அதே: 'எத்தனை பேர்?' எண்ணிக்கைக்கே காசு என்றானபின், தலைப்பு தூண்டிலாகின்றது. இல்லாத செய்தி இருப்பதுபோல் காட்டப்படுகின்றது. ஒருவன் எழுதியதை மற்றொருவன் எடுத்து உருமாற்றி ஒட்டுகின்றான். தங்கையை இழந்தவன் எழுதினால் எத்தனை பேர் பார்ப்பர்? திரைப்பட நடிகரின் வீட்டுச் செய்தியை எழுதினால் எத்தனை பேர் பார்ப்பர்? தராசு எப்பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். பணம் தீண்டத்தகாதது என்று நான் கூறவில்லை. எழுதுவோனும் உண்ண வேண்டும். தாளும் மையும் இலவசமாக வருவதில்லை. நெய்தவனுக்குக் கூலி எவ்வளவு உரிமையோ, எழுதியவனுக்கும் அவ்வளவு உரிமை. ஏழை எழுத்தாளனிடம் 'தொண்டு செய்' என்று சொல்லிவிட்டு, அவன் எழுத்தால் பிறர் கொழுப்பது அதனினும் பெரிய கொடுமை. எனவே, காசு வருகின்றதா என்பது வினா அன்று. காசு வரும் வழி, எழுதும் கையை மடக்குகின்றதா என்பதே வினா.

ஆகவே உங்களுக்கு என் அறிவுரை மூன்று.

முதலாவது, அச்சிடுங்கள், ஆனால் ஒருவர் பணப்பையில் இருந்து அச்சிடாதீர்கள். உங்கள் இதழ் சுற்றிவரும் வீடுகளும் அவர்தம் உறவினரும் சேர்ந்து இருநூறு பேர் தேறுவர் என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 200 உருபா தந்தால் 40,000 உருபா. திங்களுக்கு மூவாயிரத்துக்கு மேல் வரும். அதற்குள் எத்தனை பக்கம் அச்சாகுமோ அத்தனை பக்கம் போதும். விளம்பரம் வேண்டுமானால், ஊரில் உள்ள பத்துச் சிறுகடைகளில் சிறிது சிறிதாக வாங்குங்கள். ஒருவர் விலகினால் இதழ் நிற்கும் என்ற நிலை மட்டும் வரக்கூடாது.

இரண்டாவது, வரவு செலவுக் கணக்கை இதழிலேயே வெளியிடுங்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்பது படிப்போர்க்குத் தெரிந்தால், யாருக்கு அஞ்சினீர்கள் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பர். அந்தக் கூச்சம் உங்களைக் காக்கும்.

மூன்றாவது, அந்த நான்கு வெற்றுப் பக்கங்களை எந்த விலைக்கும் விற்காதீர்கள். வணிகர் கேட்பதும் அதே நான்கு பக்கங்களைத்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் இதழின் உயிர் அங்கேதான் இருக்கின்றது.

இறுதியாக ஒன்று. தங்கையைப் பற்றி எழுதிய என் நண்பன் இன்று இல்லை. சென்ற ஆண்டு அவன் வீட்டுக்குத் துயர் கேட்கப் போயிருந்தேன். அவன் மகன் பழைய கணக்குப் பொத்தகத்தின் நடுவில் இருந்து சில தாள்களை எடுத்து என்னிடம் தந்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மடித்தபடியே இருந்த தாள்கள். நாங்கள் அச்சிட அஞ்சிய கட்டுரை. என்னால் அங்கு ஒரு சொல்லும் பேச முடியவில்லை.

அவன் மகனின் இசைவு பெற்று அத்தாள்களை இங்குக் கொண்டுவந்துள்ளேன். இவற்றை உங்கள் ஆசிரியர் குழுவிடம் ஒப்படைக்கின்றேன். அடுத்த இதழை அச்சிட்டாலும் சரி, கையால் எழுதினாலும் சரி, முதற் பக்கத்தில் இது வரவேண்டும். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கட்டும், ஊரார் எழுதுவர்.