நெட் வரலையா? முதலில் விளக்கைப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் குழுக் கணக்கர்கள் சிலர் கேட்ட கேள்விக்குத்தான் இன்றைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். "வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, மாசாமாசம் பணமும் கட்டுறோம், திடீர்னு நெட் நின்னுடுது மேடம்" என்றார்கள். மகளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கோ, அன்றைக்குப் பார்த்துத்தான் அது நிற்கும்! உடனே நாம் என்ன செய்கிறோம்? மகன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்க்கிறோம். இல்லையென்றால் கடையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறோம். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு அப்படி வந்த ஆள், தளர்ந்திருந்த பிளக்கை அழுத்திவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அந்த அக்காவுக்கு அது பல வாரச் சேமிப்பு.

குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் நாம் யாரையும் கேட்பதில்லை. தெருவிலேயே வரலையா, தொட்டி வால்வு மூடியிருக்கா, குழாய் அடைச்சிருக்கா என்று நாமே பார்த்துவிடுகிறோம். இதுவும் அப்படித்தான். வெளியே கம்பெனி லைன், நடுவில் வைஃபை பெட்டி, கடைசியில் கம்ப்யூட்டர். மூன்றில் எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கண்டுபிடிக்க ஒரு செல்போன் போதும். அதே வைஃபையில் போனைச் சேர்த்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்க. ஆனால் போனில் மொபைல் டேட்டாவை முதலில் அணைக்கணும். இல்லைன்னா சிம் நெட்டில் ஓடுவதை வைஃபை என்று நினைச்சுப்போம். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரலை என்றால் பழுது கம்ப்யூட்டரில். போனிலும் வரலையா, பெட்டிக்கிட்டே போங்க.

பெட்டியில் எந்த விளக்குமே இல்லையென்றால் கரண்டு வரலை. பிளக்கையும் அடாப்டரையும் பாருங்க, வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்க. ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் 'பான்' என்ற விளக்கையும் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கையும் அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கணும். 'பான்' அசையாமல் பச்சையாக எரிந்தால் லைன் வருகிறது. 'எல்ஓஎஸ்' சிவப்பாக மின்னினால் லைன் வரலை. வெளியே கம்பி அறுந்திருக்கலாம், இல்லை உள்ளே வருகிற மெல்லிய ஒயர் மடங்கியிருக்கலாம். அந்த ஒயருக்குள் கண்ணாடி இழை இருக்கிறது, வெளிச்சம்தான் போகிறது. ஆணியில் சுருட்டி மாட்டினாலோ, பீரோ இடுக்கில் நசுங்கினாலோ வெளிச்சம் போய்ச் சேராது. மெதுவாக மடிப்பை எடுத்துவிடுங்க. அதைக் கழற்றி நுனியைக் கண்ணுக்கு நேராக மட்டும் பிடிக்காதீங்க. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். மடிப்பு எடுத்தும் சிவப்பு போகலையென்றால் வீட்டில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, புகார்தான் கொடுக்கணும்.

சிவப்பு இல்லை, ஆனாலும் நெட் இல்லையா? மாதப் பணம் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. விளக்கெல்லாம் ஒழுங்காக எரியும், பாக்கி இருந்தால் நெட் வராது. பாக்கி இல்லையென்றால் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் விட்டு, திரும்பப் போடுங்க. போட்டவுடனே வராது, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கணும். பல தடவை இதிலேயே சரியாகிவிடும். பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், 'ரீசெட்' என்று போட்டிருக்கும். அதில் ஊக்கு விடாதீங்க! கம்பெனிக்காரர் போட்டுவைத்த அமைப்பெல்லாம் அழிந்துவிடும், அப்புறம் அவர்கள் வந்துதான் சரிசெய்யணும்.

பழுது கம்ப்யூட்டரில்தான் என்றால், விமானப் படம் போட்ட பட்டன் தெரியாமல் அமுங்கியிருக்கான்னு பாருங்க. அது வைஃபையை அணைத்துவிடும். பாஸ்வேர்டு மாற்றியிருந்தால் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, புதிதாகச் சேர்க்கணும். ஒரே பெட்டி இரண்டு பெயர் காட்டும், ஒன்றில் 5ஜி என்று இருக்கலாம். அது பக்கத்தில் வேகம், ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பின்கட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்கள் மற்றதில் சேருங்க.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி சில வீடுகளில் பரணில் கிடக்கிறது. எடுத்துத் துடைத்துப் போட்டால் வைஃபை சேர்ந்துவிடும், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை' என்று வரும். மூலையில் தேதியைப் பாருங்க. உள்ளே உள்ள சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பு என்றால் வங்கி, அரசுப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றை அது ஏற்காது. தேதியைச் சரிசெய்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

புகார் கொடுக்கும்போது ஒரு உறுப்பினரிடம், "வீட்டில் ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "எல்ஓஎஸ் சிவப்பா மின்னுது, பெட்டியை அணைச்சுப் போட்டாச்சு, ஒயர்ல மடிப்பு இல்லை. புகார் எண் சொல்லுங்க" என்றார். மறுபேச்சு இல்லை, எண் வந்தது. அப்படிச் சொல்லுங்க, எண்ணை நோட்டில் எழுதுங்க.

கம்பெனி போன் நம்பரைப் பில்லிலிருந்தே எடுங்க. தேடிப் பார்த்து வருகிற நம்பர்களில் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். ஓடிபி சொல்லு, ஒரு ஆப் போட்டுக்கோ, உன் திரையை நான் பார்க்கணும் என்றால் போனை வைத்துவிடுங்க. நெட் சரிசெய்ய வங்கி ஓடிபி எதற்கு? யாராவது பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், அந்த நிமிடமே 1930-க்கு போன் பண்ணுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சாப்பாட்டுக்குப் பிறகு நம் அலுவலகப் பெட்டியை இந்த மேசையில் வைக்கிறோம். ஒவ்வொருவராக வந்து, அணைத்துப் போட்டு, எந்த விளக்கு எப்போது எரிகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம்.