வேலி இல்லாத கோட்டை
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

ஜோர்டான் போய் வந்தேன் என்றதும் பெட்ராவைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர் சார். பெட்ராவை யூட்யூபில் பார்த்துக்கொள்ளலாம். நான் கஸ்ர் பஷீர் பற்றிச் சொல்கிறேன்.

அம்மானுக்குத் தெற்கே, கத்ரானா ஊரிலிருந்து விலகி, தார்ச்சாலை இல்லாத பாலைவனத்தில் நிற்கிறது இந்தக் கோட்டை. கி.பி. 300 வாக்கில் ரோமானியர்கள் எல்லைக் காவலுக்குக் கட்டியது. டிக்கெட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, வேலியும் கிடையாது. வாசலுக்கு மேலே லத்தீன் கல்வெட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது. டயோக்ளீஷியன் முதலான நான்கு ஆட்சியாளர்களின் பெயர், கட்டிய ஆளுநரின் பெயர் எல்லாம் அதில் உண்டு. (நம் கிளப் ஹவுஸ் கல்வெட்டு ஐந்தே வருடத்தில் மங்கிவிட்டது!)

உள்ளே பெரிய முற்றம். சுற்றிலும் குதிரை லாயங்கள். தீவனம் வைக்கச் சுவரிலேயே மாடங்கள். மழைநீரைச் சேமிக்கத் தொட்டிகளும் உண்டு. நான்கு மூலைகளிலும் கோபுரங்கள், பாதி சரிந்தபடி.

கவனிக்க ஆளில்லையே என்று டிரைவர் தம்பியிடம் அங்கலாய்த்தேன். பிறகு போட்டோ எடுப்பதற்காக நானே ஒரு சுவரில் ஏறினேன். காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. ஆயிரத்து எழுநூறு வருடம் நின்ற கல். இருவரும் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அதன்பிறகு போட்டோ எடுக்க மனம் வரவில்லை. அதனால்தான் இன்று காட்ட ஒரே ஒரு படம், அந்த வாசல் மட்டும்.